இரண்டாம் முறை தொட்ட கரம்



கண்புரை ஆபரேஷனுக்கென்று நீங்கள் அனுப்பிய காணிக்கைக்கு நாங்கள் எழுதிய நன்றிக் கடிதங்கள் சிலவற்றில் "புரையும் கண் அழுத்தமும் சேர்த்து" என்று ஒரு வரி இருந்தது. அது என்ன புதுச் செலவு என்று இரண்டு மூன்று பேர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரு சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் அம்மா, "புரை ஆபரேஷனுக்கு என்று சொல்லித்தான் காணிக்கை எடுத்தோம், சங்கத்தில் கணக்குச் சொல்ல வேண்டுமே" என்று சற்றுக் கண்டிப்பாகவே எழுதியிருந்தார்கள். நியாயமான கேள்வி. பிடியரிசி சேர்த்து அனுப்பிய பணத்துக்குக் கணக்குக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆகவே இந்த மடலின் பாடத்தை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

மாற்கு 8ஆம் அதிகாரம் 22 முதல் 26 வரையுள்ள வசனங்களை ஒருமுறை வாசித்துவிட்டு மேலே வாருங்கள். பெத்சாயிதா ஊரில் ஒரு குருடனை ஆண்டவரிடம் கொண்டுவருகிறார்கள். அவர் அவன் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துப் போகிறார். கண்களைத் தொட்டபின் ஏதாவது தெரிகிறதா என்று அவனிடமே கேட்கிறார். அவனும் மழுப்பவில்லை. ஆட்கள் நடமாடுவது தெரிகிறது, ஆனால் மரம் நடப்பதுபோல் இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொன்னான். ஆண்டவர் அந்தப் பாதிப் பார்வையோடு அவனை வீட்டுக்கு அனுப்பவில்லை. மறுபடியும் கைவைத்தார். அதன் பிறகே அவனுக்கு எல்லாம் தெளிவாயிற்று.

நான்கு சுவிசேஷகரில் மாற்கு மட்டுமே இதை எழுதி வைத்திருக்கிறார். சீஷர்களின் மனக்கண் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்ததற்கு இது அடையாளம், அடுத்த பகுதியில் வரும் பேதுருவின் அறிக்கைக்கு முன்னுரை என்று செமினரியில் படித்தோம். அந்த விளக்கம் சரிதான். ஆனால் கண் வார்டில் பல வருடம் நடந்தபின் எங்களுக்கு ஆண்டவர் கேட்ட அந்தக் கேள்வியே பெரிதாகத் தெரிகிறது. முதல் தொடுதலோடு நிறுத்தியிருந்தாலும் ஊரார் அதை அற்புதம் என்றே சொல்லியிருப்பார்கள். எங்களைப் போன்றவர்களின் ஆண்டறிக்கையிலும் எண்ணிக்கையில் ஒன்று கூடியிருக்கும்.

எண்ணிக்கையைப் பற்றிச் சொல்ல எங்களுக்குக் காரணம் உண்டு. தொண்ணூறுகளில் புரை ஆபரேஷன் ஒரு பெரிய இயக்கமாகவே நடந்ததை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அதற்குள் பெரிதாக வளர்ந்திருந்தது. அதன் ஆரோலேப் தொழிற்சாலை 1992 முதல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டு விலையில் ஒரு சிறு பங்குக்குத் தயாரித்துக் கொடுத்தது. 1994இலிருந்து 2002 வரை உலக வங்கியின் உதவியோடு தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் கண்புரைப் பார்வையிழப்பைத் தடுக்கும் திட்டம் நடந்தது. நாங்களும் எங்கள் அளவில் பள்ளிக்கூடங்களில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு முகாம் போட்டோம், டார்ச் அடித்துப் பார்த்தோம், வேனில் ஏற்றிக்கொண்டு வந்தோம். எத்தனை லென்ஸ் வைத்தோம் என்று எண்ணினோம். அந்த ஊழியத்தால் இருட்டிலிருந்து வெளியே வந்தவர்கள் அநேகர். அதற்காகக் கர்த்தரை இன்றும் துதிக்கிறோம்.

ஆனால் பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவரை எங்களால் மறக்க முடியவில்லை. எங்கள் முகாமில் தேர்ந்தெடுத்து, நாங்களே லென்ஸ் வைத்து அனுப்பியவர். ஒரு வருடம் நன்றாகத் தெரிந்தது. பிறகு ஆபரேஷன் செய்த கண்ணே கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டு வந்தது. வயதாகிவிட்டது என்று நினைத்து அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். பேரன் கையைப் பிடித்து அழைத்து வந்தபோது டாக்டர் பார்த்தார். நாங்கள் வைத்த லென்ஸ் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. அதற்குப் பின்னாலிருந்த பார்வை நரம்புதான் வெளுத்துக் குழிந்து போயிருந்தது. கண் அழுத்த நோய், அதாவது குளுக்கோமா. ஆபரேஷன் நாளிலேயே அது இருந்திருக்க வேண்டும். "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேய்யா" என்றார் பெரியவர். எங்களிடம் பதில் இல்லை.

புரைக்கும் கண் அழுத்த நோய்க்கும் உள்ள வித்தியாசத்தை நம் ஜில்லாக்காரருக்குக் கண்மாயைக் கொண்டு விளக்குவது சுலபம். கண்ணுக்குள் எந்நேரமும் ஒரு தெளிந்த நீர் ஊறிக்கொண்டிருக்கிறது. அழும்போது வரும் கண்ணீர் வேறு, இது வேறு. உள்ளே ஊறி, கருவிழிக்குப் பின்னாலுள்ள அறையை நிரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே முழுவதும் புது நீராக மாறிவிடுகிறது. வரத்துக்கால் என்று ஒன்று இருந்தால் மடையும் இருக்க வேண்டுமல்லவா? அந்த மடை கருவிழியின் ஓரத்தில், கண்ணின் மூலையில் இருக்கிறது. முதலில் ஒரு சல்லடை, அதற்கு அப்பால் வட்டமாக ஓடும் மயிரிழை போன்ற ஒரு கால்வாய். 1830இல் அதை விவரித்த ஷ்லெம் என்ற ஜெர்மானியரின் பெயரால் அதை அழைக்கிறார்கள். வயதாக ஆக, சிலருக்கு அந்தச் சல்லடையில் வண்டல் படிந்ததுபோல் அடைப்பு உண்டாகிறது. வரத்து நிற்பதில்லை, வெளியேற்றம் குறைகிறது, அழுத்தம் ஏறுகிறது. கண்மாயென்றால் மிகுதி நீர் கலிங்கு வழியாய் வழிந்து போகும். கண்ணுக்குக் கலிங்கு கிடையாது. அழுத்தம் முழுவதும் பின்னாலுள்ள நரம்பின் மேல் விழுகிறது.

பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் சேர்ந்தது அந்த நரம்பு. அவை ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக மடிகின்றன. வலி இல்லை, சிவப்பு இல்லை. நேரே பார்க்கும் பார்வை கடைசிவரை நன்றாயிருப்பதால் நோயாளிக்கே தெரியாது. புரை என்பது கண்ணாடியில் படிந்த அழுக்கைப் போன்றது. எடுத்துவிட்டு லென்ஸ் வைத்தால் வெளிச்சம் திரும்ப வரும். மடிந்த நரம்போ திரும்ப வராது. இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். நாம் செய்யக்கூடியது மிச்சமிருப்பதைக் காப்பாற்றுவது மட்டுமே.

இரண்டும் முதுமையின் நோய்கள் ஆதலால் ஒரே கண்ணில் இரண்டும் குடியிருப்பது சாதாரணம். அப்போது முன்னாலிருக்கும் புரை பின்னாலிருக்கும் நோயை மறைத்துவிடுகிறது. நோயாளியும் குடும்பத்தாரும் எல்லாப் பழியையும் புரையின் மேல் போடுகிறார்கள். மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் 40 வயதைக் கடந்த 5,150 பேரைச் சோதித்து அரவிந்த் மருத்துவர்கள் 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நூற்றுக்கு 2.6 பேருக்கு ஏதாவதொரு வகைக் கண் அழுத்த நோய் இருந்தது. அதில் மூலை திறந்திருந்தும் சல்லடை அடைத்துக்கொள்ளும் வகைதான் அதிகம். அந்த வகை நோயாளிகளில் 93 சதவீதம் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது. ஐந்தில் ஒருவர் ஒரு கண்ணிலாவது பார்வை இழந்திருந்தார். புதுக்கோட்டைக் கிராமங்கள் இதற்கு விலக்காயிருக்கும் என்று நினைக்க எங்களுக்குக் காரணம் இல்லை.

இனி நீங்கள் கேட்ட செலவுக்கு வருகிறோம். அதை ஒரு அம்மாவின் கதையாகவே சொல்லிவிடுகிறோம்.

கறம்பக்குடிப் பக்கத்துக் கிராமம். வயது எழுபதை நெருங்குகிறது. எங்கள் வார்டில் நர்ஸ்கள் அவருக்கு வைத்த பெயர் "அறிவொளி அப்பத்தா". 1991, 1992ஆம் ஆண்டுகளில் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்ததும், கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் பெண்களைச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளும்படி ஊக்கப்படுத்தியதும் உங்களுக்கு நினைவிருக்கும். கல் குவாரியிலும் வயற்காட்டிலும் வேலை செய்த பெண்கள் ராத்திரியில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து எழுத்துப் படித்தார்கள். அவர்களில் ஒருவர் இவர். கையெழுத்துப் போடப் பழகியதோடு நில்லாமல் பஸ் போர்டு, ரேஷன் கடை அறிவிப்பு, பலகாரம் கட்டி வந்த பேப்பர் என்று எதைக் கண்டாலும் சத்தமாக வாசித்துவிடுவாராம். சைக்கிளும் ஓட்டினார். சில வருடங்களுக்கு முன் வலது பக்கம் வந்த ஆட்டுக்குட்டி தெரியாமல் விழுந்ததோடு சைக்கிளை விட்டுவிட்டார். வாசல் நிலையில் தோள் இடிப்பதும் செம்பைத் தட்டிவிடுவதும் பார்த்து, "கவனமே இல்ல" என்று மருமகள் கடிந்துகொள்வதுண்டு. கவனம் இல்லாமல் இல்லை. அந்தப் பக்கத்துப் பார்வைதான் இல்லை.

"ரெண்டு கண்ணுலயும் புரை. ரெண்டையும் எடுத்துவிட்டுருங்கய்யா, பேத்தி பாடப் புத்தகத்த படிக்கணும்" என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார். சோதித்துப் பார்த்ததில் வலது கண்ணில் வெளிச்சம் மட்டுமே தெரிந்தது, நரம்பு முழுவதும் போய்விட்டிருந்தது. இடது கண்ணில் புரையும் இருந்தது, அழுத்தம் 26ம் இருந்தது. சாதாரணமாக 10க்கும் 21க்கும் இடையில் இருக்க வேண்டும். நரம்பு பழுதுபட ஆரம்பித்திருந்தது, ஆனால் மிச்சம் நிறைய இருந்தது.

வலது கண்ணைப் பற்றி அவரிடம் சொல்லும் வேலை எங்களிடம் வந்தது. இத்தகைய காரியங்களுக்கு டாக்டர்கள் எங்களைக் கூப்பிடுவது வழக்கம். "அம்மா, அந்தக் கண்ணு வராதும்மா" என்றோம். புரையை எடுத்தால் வருமே என்றார். புரைக்குப் பின்னால் வேறொரு நோய் இருந்ததையும் அது செய்ததையும் கண்மாயையும் மடையையும் வைத்துச் சொன்னோம். நிதானமாகக் கேட்டுவிட்டு, "வலியே இல்லையேய்யா" என்றார். அதுதான் இந்த நோயின் கொடுமை.

இடது கண்ணுக்கு என்ன செய்வது என்பதில் டாக்டருக்கே எளிதான தீர்மானம் இருக்கவில்லை. புரையை மட்டும் எடுத்துவிட்டு அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து கொடுக்கலாம். ஆனால் இரண்டு வகைச் சொட்டு, தினமும், ஆயுள் முழுவதும். கை நடுங்கும் ஒருவர் பாட்டிலைக் குறிபார்த்து அழுத்துவதில் பாதி கன்னத்தில் போகிறது. குளிர்ச்சியில் வைக்க வேண்டிய மருந்தை ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் பிளாஸ்டிக் பையில் முடிந்து மண்பானைக்குள் தொங்கவிட்டிருந்த ஒருவரை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவரையாவது மெச்ச வேண்டும். பலர் மருந்து தீர்ந்த மாதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கேட்டால், "கண்ணுதான் நல்லாத் தெரியுதே" என்பார்கள்.

இன்னொரு வழி, புரையோடு சேர்த்து டிராபெக்குலெக்டமி என்ற ஆபரேஷன். 1968இல் இங்கிலாந்தில் கெய்ர்ன்ஸ் என்ற மருத்துவர் விவரித்த நாளிலிருந்து இன்றுவரை நிலைத்து நிற்பது. கண்மாய் பாஷையில் சொன்னால் கரையை வெட்டிப் புதுக் கலிங்கு கட்டுவது. நோய் முற்றிய கண்ணுக்கு இன்றும் அதுவே வழி. ஆனால் கரையில் வெட்டிய இடம் என்றும் காவல் கேட்கும். அதிகம் வடிந்தால் கண் தளர்ந்துவிடும், தழும்பு ஏறினால் அடைத்துக்கொள்ளும், பல வருடம் கழித்தும் கிருமி நுழையலாம். ஆரம்பத்தில் அடிக்கடி வந்து காட்ட வேண்டும்.

மூன்றாவது வழி, அடைத்த மடையையே உள்ளிருந்து திறந்துவிடுவது. புரை எடுக்கப் போடும் அதே சிறு துவாரத்தின் வழியே, மேலும் சில நிமிடங்களில் செய்துவிடலாம். இதில் பலவகை உண்டு. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள டைட்டானியக் குழாய் ஒன்றைச் சல்லடையில் பதிப்பதற்கு 2012இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 8 மில்லிமீட்டர் நீளமுள்ள ஹைட்ரஸ் என்ற மற்றொன்றுக்கு 2018இல் கிடைத்தது. ஹைட்ரஸை வைத்து 556 பேரிடம் நடத்திய சோதனையில், ஐந்து வருடம் கழித்து 66 சதவீதம் பேர் சொட்டு மருந்து இல்லாமல் இருந்தார்கள். புரையை மட்டும் எடுத்தவர்களில் அப்படி இருந்தவர்கள் 46 சதவீதம். இரண்டு எண்களையும் பாருங்கள். புரையை எடுத்தாலே ஓரளவு அழுத்தம் குறைகிறது, மடையையும் திறந்தால் இன்னும் கூடுதலாய்க் குறைகிறது. புதியதெல்லாம் நல்லது என்று எண்ணிவிடவும் வேண்டாம். சைபாஸ் என்ற வேறொரு குழாய் 2016இல் அனுமதி பெற்றது. ஐந்து வருடப் பரிசோதனையில் கருவிழியின் உட்புறச் செல்கள் அதிகம் குறைவதாகத் தெரிந்ததால், 2018இல் கம்பெனியே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இறக்குமதிக் குழாய்களின் விலை எங்களைப் போன்ற ஆஸ்பத்திரிக்கு எட்டாது. எங்கள் டாக்டர் செய்வது நூல் முறை. 2014இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டது. ஒரு தையல் நூலின் நுனியைச் சூடுகாட்டி மழுங்கலாக்கி, அதை அந்த வட்டக் கால்வாய்க்குள் சுற்றிலும் செலுத்தி, பின்பு நூலை உள்நோக்கி இழுத்தால் கால்வாயின் உட்சுவர் நெடுகத் திறந்துகொள்கிறது. காயத்துக்குத் தையல் போடும் அதே நூல்தான். கண்ணின் மூலையைப் பார்க்க ஒரு தனி லென்ஸும், நோயாளியின் தலையையும் மைக்ராஸ்கோப்பையும் சாய்த்து வைத்துச் செய்யும் பழக்கமும் வேண்டும். பழக்கத்துக்குத்தான் காலம் பிடிக்கிறது. கால்வாய் கிழிபடுவதால் முதல் சில நாட்கள் கண்ணுக்குள் ரத்தம் கசிவது சகஜம். ஒற்றைக் கண்ணில் பார்வையுள்ள ஒருவருக்கு அது சிறிய காரியமல்ல. டாக்டர் இரண்டு நாள் யோசித்தார். அம்மாவிடமும் மகனிடமும் எல்லாவற்றையும் சொல்லி, அவர்கள் சம்மதத்தின் பேரில் புரையையும் மடையையும் ஒரே மேஜையில் முடித்தார்.

மறுநாள் கட்டு அவிழ்த்தபோது அம்மாவுக்குச் சிவப்பு மட்டுமே தெரிந்தது. முன்னமே சொல்லித்தான் இருந்தோம். சொன்னதைக் கேட்பது ஒன்று, கண் திறந்து இருட்டைப் பார்ப்பது வேறொன்று. "இருந்த ஒண்ணும் போச்சாய்யா?" என்று எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். தலையணையை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். ஜெபம் பண்ணலாமா என்று கேட்டதற்கு, "பண்ணுங்க, எங்க கருப்பர்கிட்டயும் நான் சொல்லிக்கிறேன்" என்றார். அது தர்க்கம் பண்ணும் வேளையல்ல. ஜெபித்தோம். அந்த மூன்று ராத்திரியும் நாங்களும் சரியாகத் தூங்கவில்லை என்பதை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை.

நான்காம் நாள் மேலே இருந்த ரத்தம் இறங்கி, கண்ணின் மேல்பாதி தெளிந்தது. ஆறாம் நாள் காலை வார்டு ரவுண்டுக்குப் போனபோது, எதிர்ச்சுவரில் இருந்த "எச்சில் துப்பாதீர்" என்ற போர்டை அம்மா ஒவ்வோர் எழுத்தாகச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரர் தன்னைத்தான் சொல்லுகிறாரென்று கோபித்துக்கொண்டார். ஆறு வாரம் கழித்து வந்தபோது அழுத்தம் 15. ராத்திரி ஒரு சொட்டு மட்டும் போட்டுக்கொள்கிறார். சைக்கிள் ஓட்டலாமா என்று கேட்டார். ஒரு பக்கத்துப் பார்வை இல்லாமல் ஓட்டக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார். அதில் அம்மாவுக்கு இன்னும் வருத்தம்தான்.

எல்லாருக்கும் இந்த ஒரே சிகிச்சையைச் செய்கிறோம் என்று நினைக்க வேண்டாம். நோய் முற்றியவர்களுக்கு இது போதாது. மூலையே ஒடுங்கி அடைக்கும் வகைக்குப் புரை லென்ஸை எடுப்பதே பெரும்பாலும் வழியைத் திறந்துவிடுகிறது. சிலரைத் திருச்சிக்கோ மதுரைக்கோ அனுப்பிவிடுகிறோம். செய்துகொண்டவர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அழுத்தமும் நரம்பும் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் திறந்த மடை மறுபடி தூர்ந்து போகலாம்.

செயலாளர் அம்மாவுக்கு எங்கள் கணக்கு இதுதான். "கண் அழுத்தம் சேர்த்து" என்று எழுதிய இடத்தில் நூலுக்குப் போன பணம் மிகச் சொற்பம். லென்ஸும் கருவியும் ஒருமுறைச் செலவு. அதிகம் போனது, முகாமுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் ஆபரேஷனுக்கு முன் அழுத்தம் பார்த்து, நரம்பைப் பார்த்து எழுதிவைக்கும் ஆளுக்கும், ஆபரேஷனுக்குப் பின் அவர்கள் திரும்பி வரும் பஸ் கட்டணத்துக்கும், சொட்டு மருந்துக்கும்தான். இவை புகைப்படத்தில் வராத செலவுகள். ஆனாலும் பெரியவருக்கு நாங்கள் செய்யத் தவறியது இவற்றைத்தான். சங்கத்தார் இதற்குச் சம்மதியாவிட்டால் எழுதுங்கள், உங்கள் காணிக்கையைப் புரைக்கு மட்டுமே வைத்துக்கொள்கிறோம்.

ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்: இந்த முறையைப் பழகிக்கொண்டிருக்கும் இளைய டாக்டருக்காக, ஆபரேஷனுக்குப் பின் திரும்பி வராமல் இருக்கும் மணமேல்குடி, ஆவுடையார்கோயில் பக்கத்து நோயாளிகளுக்காக. நோயாளியின் கூடப்பிறந்தவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே உங்கள் குடும்பத்தில் யாருக்காவது கண் அழுத்த நோய் இருந்தால், நாற்பது வயதைத் தாண்டிய அண்ணன், தம்பி, அக்காள், தங்கை எல்லாரும் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள். அறிவொளி அப்பத்தாவுக்கு ஆலங்குடியில் ஒரு தம்பி இருக்கிறார். அடுத்த செவ்வாய்க்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் ஒப்புக்கொள்வது இது மூன்றாவது தடவை. இந்த முறை அக்காளே நேரில் போய் பஸ் ஏற்றி அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
மருத்துவமனைக் குருவானவர்